சுவாமிக்குச் சாத்துவதும் நாம் குடிப்பதும்

சிவராத்திரி முடிந்த மறுகிழமை வந்த கடிதக் கட்டில் பாதிக்கு மேல் ஒரே விடயத்தைச் சுற்றியவை: வில்வம், துளசி, கற்பூரம், வசம்பு, அருள்வாக்குச் சொல்பவர் தந்த பொடி. ஆகவே மற்றக் கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு இம்முறை இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். புதிய வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. நான் 31 வருடம் அரசாங்க வைத்தியசாலைகளில் மருந்துக் கலவையாளராக வேலை செய்தவள். அதற்கு முன்னர், யாழ்ப்பாணத்தில் பரியாரியாக இருந்த என் அப்பப்பாவுக்குக் கல்வத்தில் சரக்கு அரைத்துக் கொடுத்து வளர்ந்தவள். திங்கட்கிழமை மாலைகளில் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் சந்நிதியில் நிற்பவளும் நான்தான்.

ஒரு கடிதம் அவசரமானது. அதை முதலில் எடுக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. எட்டு வருடமாக வலிப்புக்குக் குளிசை எடுக்கிறான். அருள்வாக்குச் சொல்பவர் ஒருவர் விபூதியும் ஒரு பொடியும் தந்து, "இங்கிலீசு மருந்தை நிறுத்து, ஒரு மண்டலத்தில் மாறிவிடும்" என்றார். நிறுத்தி 9 நாளாகிறது. இன்னும் வலிப்பு வரவில்லை. தொடரலாமா?
(பெயரும் முகவரியும் இல்லை. உறையில் கொழும்பு 13 முத்திரை.)

பதில்: வேண்டாம், அம்மா. இந்தப் பக்கத்தை வாசித்த அன்றே மகனைக் கூட்டிக்கொண்டு அவனுடைய கிளினிக்குக்குப் போங்கள். கிளினிக் நாள் இல்லையென்றால் வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள். வலிப்புக் குளிசையைத் திடீரென்று நிறுத்தினால், ஒரு வலிப்பு ஓய்வதற்குள் அடுத்தது தொடங்கி, இடைவிடாமல் நீளும் நிலை வரலாம். அது உயிருக்கு ஆபத்து. ஒன்பது நாள் வராமல் இருந்தது பத்தாம் நாளுக்கு உத்தரவாதம் ஆகாது.

பயந்துபோய் வீட்டிலேயே பழைய அளவில் குளிசையைத் திரும்பத் தொடங்கிவிடவும் வேண்டாம். அவன் எடுப்பது எது என்று நீங்கள் எழுதவில்லை. லமோட்ரிஜின் என்றால், இத்தனை நாள் விட்ட பிறகு முழு அளவில் ஆரம்பிப்பது கூடாது. தோல் முழுவதும் கடுமையாகப் பொங்கக்கூடும். சிறிய அளவிலிருந்து படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். அதை வைத்தியர்தான் செய்ய வேண்டும். இடையில் வலிப்பு வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், கையில் இரும்பைத் திணித்து நேரத்தைப் போக்காதீர்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 1990க்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள்.

பொடியைக் கையோடு கொண்டு போங்கள். அதில் என்ன இருக்கிறது என்று தந்தவர் சொன்னாரா? 2004இல் அமெரிக்காவின் பொஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது 14இல் ஈயமோ பாதரசமோ ஆசனிக்கோ இருந்தது. அவை பெயரும் லேபலும் ஒட்டிய பொருள்கள். பெயரில்லாத பொட்டலத்தைப் பற்றி என்ன சொல்வது? ஈயம் பிள்ளைகளின் மூளையைத் தாக்கினால் வலிப்பு வரும். வலிப்புக்கு என்று தந்த பொடியே வலிப்பைக் கொண்டுவரக்கூடும்.

உங்களைக் குறை சொல்ல மாட்டேன். 2020 டிசம்பரில், கொரோனாக் காலத்தில், காளி அம்மன் அருளியது என்று சொல்லப்பட்ட பாணி ஒன்றுக்காகக் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு நின்றதை நாடே பார்த்தது. தேனும் சாதிக்காயும் கலந்த பாணி அது. பயம் வந்தால் எல்லோரும்தான் ஓடுவோம். எட்டு வருடம் பிள்ளையின் தலைமாட்டில் விழித்திருந்த தாய் எங்கே போய் நிற்கமாட்டாள்? விபூதியை அவன் நெற்றியில் பூசுங்கள், தினமும் பூசுங்கள். குளிசை அவன் வயிற்றுக்குள் போகட்டும்.

கேள்வி: மாமிக்கு 71 வயது. இருதய வால்வு மாற்றிய பிறகு, குருதி கட்டியாகாமல் இருக்க வார்ஃபரின் எடுக்கிறார். ஐந்து மாதமாகத் துளசி பூசை செய்து, செம்பில் இரவு முழுவதும் ஊறிய துளசித் தண்ணீரைக் காலையில் ஒரு தம்ளர் குடிக்கிறார். இரவில் மஞ்சள் பால். வழமையாக 3 அளவில் இருக்கும் ஐ.என்.ஆர். (குருதி உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் அளவு) இம்முறை 5.2. "பெருமாள் தீர்த்தம் என்னை என்ன செய்யும்?" என்று கோபிக்கிறார்.
(வாசகி, வெள்ளவத்தை)

பதில்: தங்கச்சி, 5.2 என்றால் இந்தப் பதிலுக்காகக் காத்திருந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். கிளினிக்கில் அளவைக் குறைத்திருப்பார்கள். அப்படி நடக்காமல் இருந்தால் இன்றே போங்கள். முரசில் இரத்தம், காரணமில்லாத நீலத் தழும்பு, கறுத்த மலம், திடீர்த் தலைவலி, இவற்றில் ஒன்று வந்தாலும் நேராக வைத்தியசாலைக்கு.

மாமியின் கேள்விக்கு வருகிறேன். கோயிலில் ஐயர் உத்தரணியால் மூன்று தரம் உள்ளங்கையில் விடும் தீர்த்தம் ஒரு மேசைக்கரண்டிகூட வராது. அதனோடு வருவது ஓர் இலை, இரண்டு இலை. அது யாரையும் ஒன்றும் செய்யாது. ஆனால் ஒரு பிடி துளசியை எட்டு மணி நேரம் ஊறவைத்து வடித்துக் குடிப்பதற்கு அப்பப்பாவின் ஏட்டில் வேறு பெயர் இருந்தது: ஊறல் குடிநீர். அது மருந்து. மருந்துக்கு அளவு உண்டு, நாள் கணக்கு உண்டு, எதனோடு சேரும், எதனோடு சேராது என்ற கணக்கும் உண்டு. செம்பைச் சுவாமி முன்னால் வைத்ததால் அந்தக் கணக்குகள் அழிந்துவிடுவதில்லை.

துளசியின் மணத்துக்குக் காரணமான பொருள்களில் ஒன்று யூஜெனோல். கிராம்பிலும் அதுதான் இருக்கிறது. குருதித் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதை அது குறைக்கிறது என்று ஆய்வுகூடச் சோதனைகள் காட்டுகின்றன. வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு இது ஏற்கெனவே இளகிய குருதியை மேலும் இளக்கும் வேலை. மஞ்சளைப் பற்றி இன்னும் உறுதியாகச் சொல்லலாம். நியூசிலாந்து அரசின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பு 2018இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. வார்ஃபரினில் சீராக இருந்த ஒருவர் மஞ்சள் சேர்ந்த தயாரிப்பு ஒன்றை எடுக்கத் தொடங்கிய பிறகு அவருடைய ஐ.என்.ஆர். 10ஐயும் தாண்டிவிட்டது. கறிக்குப் போடும் மஞ்சள் அல்ல இங்கே பிரச்சினை. கரண்டி கரண்டியாக, நாள் தவறாமல், மருந்தாகக் குடிக்கும் மஞ்சள்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. வல்லாரைச் சம்பலும் பொன்னாங்காணி வறையும் விற்றமின் கே நிறைந்தவை. அவை வார்ஃபரினுக்கு எதிர்ப்பக்கம் இழுக்கும். விரத மாதத்தில் கீரை கூடி, மற்ற மாதத்தில் குறைந்தால் ஐ.என்.ஆர். ஊஞ்சல் ஆடும். கீரையை நிறுத்தச் சொல்லவில்லை. கிழமைக்கு எவ்வளவு என்பது ஒரே சீராக இருக்கட்டும்.

மருந்து கொடுக்கும் யன்னலுக்குள் நின்று எத்தனையோ ஆயிரம் தடவை கேட்டிருப்பேன்: "வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள்?" பதில் எப்போதும் ஒன்றுதான். "ஒன்றுமில்லை, மிஸ்." அவர்கள் பொய் சொல்லவில்லை. துளசித் தண்ணீரையும் வில்வச் சாற்றையும் கசாயத்தையும் அவர்கள் மருந்து என்று எண்ணுவதே இல்லை. எனக்கு இந்தத் தொழில் தந்த பெரிய கவலை இதுதான். மாமியின் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் நீங்களே பேனாவால் எழுதுங்கள்: துளசி ஊறல், இத்தனை மாதம், மஞ்சள் பால், இத்தனை கரண்டி. வைத்தியர் கேட்காவிட்டாலும் கண்ணில் படும்.

துளசி பூசை தொடரட்டும். செம்புத் தண்ணீரில் ஓர் உத்தரணி மாமிக்கு, மிச்சம் துளசி மாடத்தின் அடியில்.

கேள்வி: பச்சைக் கற்பூரமும் ஆராத்திக் கற்பூரமும் ஒன்றா? சர்க்கரைப் பொங்கலுக்கு ஒரு சிட்டிகை போடுவது எங்கள் வழக்கம். வீட்டில் 3 வயதுப் பேரன் இருக்கிறான். பயப்பட வேண்டுமா?
(வாசகர், ஐந்துலாம்புச் சந்தி)

பதில்: ஐயா, பொங்கலுக்காகப் பயப்பட வேண்டாம், பெட்டிக்காகப் பயப்படுங்கள். கடையில் ஆராத்திக்கு என்று விற்கும் வில்லை பெரும்பாலும் தொழிற்சாலையில் பைன் மரங்களின் தைலத்திலிருந்து செய்யப்படுவது. எரிப்பதற்கு மட்டுமே உரியது. அதை எந்த உணவிலும் போடக்கூடாது. உணவுக்கு என்று விற்கும் பச்சைக் கற்பூரத்தைப் பெரிய பானைக்குக் கடுகளவு போட்டால் போதும். சிட்டிகை என்பது ஆளுக்கு ஆள் பெருக்கும் அளவு, அதை நம்பாதீர்கள். பேரனுக்கு எடுத்து வைக்கும் பங்கில் அதுவும் வேண்டாம்.

சிறு குழந்தை ஒரு கிராம் கற்பூரத்தை விழுங்கினால் உயிரே போகலாம். இதை ஏட்டில் படித்து எழுதவில்லை. என் தங்கையின் பேத்திக்கு அப்போது 2 வயதும் நாலு மாதமும். கொட்டாஞ்சேனை மாடி வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் நேரம். வெள்ளித் தட்டில் கற்கண்டு, பேரீச்சம்பழம், வெற்றிலை, ஓரத்தில் நாலு கற்பூர வில்லை. கற்கண்டும் வெள்ளை, கற்பூரமும் வெள்ளை. முந்திய கிழமை அதே தட்டிலிருந்து எடுத்த கற்கண்டை அந்தப் பிள்ளை வாயில் போட்டுச் சிரித்ததை எல்லோரும் பார்த்திருந்தோம். நான் தேவாரம் பாடி முடித்துத் திரும்பும்போது முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றாள். துப்பிவிட்டாள் என்று நினைத்தோம். கால் மணி நேரம் போயிருக்கும், கண் மேலே செருகி, கையும் காலும் இழுக்கத் தொடங்கின.

முச்சக்கர வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு ஓடினோம். வார்டில் இருந்த இளம் வைத்தியர் குனிந்து பிள்ளையின் மூச்சை மணந்து பார்த்து, "கற்பூரமா?" என்றார். அந்த ஒரு கேள்வி நேரத்தை மிச்சம் பிடித்தது. பிள்ளை பிழைத்தாள். இப்போது பல்கலைக்கழகம் போகிறாள். அந்தத் தட்டை அடுக்கியவள் நான். 20 வருடத்துக்கு மேலாக மருந்து கொடுத்து, போத்தல்களைப் பிள்ளைக்கு எட்டாமல் வையுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்ன நான்.

ஆகவே கற்கண்டுத் தட்டு வேறு, கற்பூரத் தட்டு வேறு. கற்பூரம் மூடி இறுகிய போத்தலில், பிள்ளை கதிரை வைத்து ஏறினாலும் எட்டாத உயரத்தில். அந்துருண்டையைப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம். அது வேறு நஞ்சு, சில பிள்ளைகளின் செங்குருதிக் கலங்களையே உடைத்துவிடும். பிள்ளை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். வலிப்பு சொல்லிக்கொண்டு வராது, வாந்தி மூச்சுக்குழாயில் போய்விடும். உடனே வைத்தியசாலைக்கு, கற்பூரப் பெட்டியோடு. கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் நஞ்சுத் தகவல் நிலையம் இருக்கிறது. எந்த வைத்தியரும் அங்கே கேட்டு ஆலோசனை பெறலாம்.

தடிமனுக்குப் பூசும் தைலங்களிலும் கற்பூரம் இருக்கிறது. பூசும் மருந்தில் 11 சதவீதத்துக்கு மேல் கற்பூரம் கூடாது என்று அமெரிக்கா 1983இல் சட்டம் போட்டதற்குக் காரணம் இப்படிப்பட்ட பிள்ளைகள்தாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூக்கருகே அதைப் பூசாதீர்கள்.

கேள்வி: குழந்தைக்கு 41 நாள். மாமி வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவுகிறார். பக்கத்து வீட்டுச் சிங்கள அக்காவும் வதகஹ நல்லது என்கிறார். சளிக்கு வேப்பெண்ணெய் இரண்டு துளி கொடுக்கலாம் என்கிறார் அம்மா. மூவரையும் மனம் நோகாமல் எப்படித் தடுப்பது?
(இளந்தாய், வத்தளை)

பதில்: பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் வைத்து, இரவில் அதன் பெயரைச் சொல்லவே கூடாது என்று "பேர் சொல்லாதது" என்று அழைத்த மருந்து அது. நானும் அது தடவி வளர்ந்தவள்தான். மாமி அன்பினால் செய்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வசம்பில் பீட்டா-அசரோன் என்ற பொருள் இருக்கிறது. எலிகளுக்குக் கொடுத்தபோது குடலில் கட்டிகள் உண்டாயின. அதனால் அமெரிக்கா 1968இலேயே உணவில் வசம்பைத் தடை செய்தது. சுட்டால் எவ்வளவு போகும், உரைத்தால் எவ்வளவு வரும் என்று அடுப்படியில் அளக்க முடியாது. நாற்பது நாள் பிள்ளையின் ஈரலுக்கு எந்தச் சோதனையும் வைக்கவேண்டாம்.

வேப்பெண்ணெய் விடயத்தில் நான் கண்டிப்பானவள். வாயில் ஒரு துளியும் கூடாது. மலேசியாவில் இந்திய வம்சாவளிக் குழந்தைகளுக்குச் சிறு வருத்தங்களுக்காக வேப்பெண்ணெய் கொடுத்து, வாந்தி, மயக்கம், வலிப்பு வந்து, ஈரலில் கொழுப்புப் படிந்ததை அங்குள்ள வைத்தியர்கள் 1981இல் மருத்துவ ஏட்டில் எழுதினார்கள். நம் சனம், நம் வழக்கம், நம் எண்ணெய். அம்மன் கோயில் வேப்பிலை வாசலில் தொங்கட்டும். வேப்பிலை அவித்த வெதுவெதுப்பான நீரில் பெரியவர்கள் குளிக்கலாம். குழந்தையின் வாய்க்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்.

எப்படித் தடுப்பது? அதை நீங்கள் சொல்ல வேண்டாம். குடும்ப நல மாது வீட்டுக்கு வரும் நாளில் மாமியையும் அம்மாவையும் பக்கத்தில் இருக்க வைத்து, நீங்கள் ஒன்றும் அறியாதவர்போல் கேளுங்கள். அவர் சொல்வார். வசம்பை ஒரு பட்டுத் துணியில் முடிந்து தொட்டில் கட்டையில், பிள்ளையின் கை எட்டாத இடத்தில் கட்டச் சொல்லி மாமியிடம் கொடுங்கள். மாமியும் ஏற்பார், பிள்ளைக்கும் கேடில்லை.

கேள்வி: வயது 58. நீரிழிவுக்கு மெட்போமினும் கிளிக்ளசைட்டும் எடுக்கிறேன். ஒரு வருடமாக வெறும் வயிற்றில் வில்வச்சாறு, மாலையில் பாகற்காய்ச் சாறு. சிவராத்திரி அன்று உபவாசம் இருந்து, குளிசையையும் சாற்றையும் தவறாமல் எடுத்தேன். மூன்றாம் சாமப் பூசையில் வியர்த்து, நடுங்கி, விழுந்துவிட்டேன். யாரோ சீனி போட்ட தேநீர் பருக்கினார்கள். விரதம் கெட்டது மனத்தை அரிக்கிறது.
(வாசகர், பம்பலப்பிட்டி)

பதில்: அண்ணா, அந்தத் தேநீரைப் பருக்கியவரைத் தேடிப் போய்க் கும்பிடுங்கள். உங்களைக் காப்பாற்றியது அது.

நடந்தது இது. கிளிக்ளசைட் உங்கள் சதையியை உலுக்கி இன்சுலினை வெளியே தள்ளும் குளிசை. நீங்கள் சாப்பிட்டீர்களா, பட்டினியா என்று அது பார்க்காது. மெட்போமின் மட்டும் என்றால் இவ்வளவு எளிதாக விழமாட்டீர்கள். அதன் மேல் சீனியைக் குறைக்கும் பாகற்காய், அதன் மேல் வில்வம். வில்வ இலை குருதிச் சீனியைக் குறைப்பது விலங்குகளில் செய்த பல சோதனைகளில் தெரிந்திருக்கிறது. நாலு பேரும் ஒரே பக்கம் இழுத்தார்கள், எதிர்ப்பக்கத்தில் சோறு இல்லை.

மூலிகைகள் வேலை செய்யாது என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். கொத்தல ஹிம்புட்டுத் தேநீரை நம் நாட்டிலேயே நீரிழிவு நோயாளரிடம் முறையாகச் சோதித்து, சீனி குறைவதைக் கண்டிருக்கிறார்கள். வேலை செய்வதனால்தான் எச்சரிக்கை வேண்டும். வேலை செய்யாத ஒன்று உங்களை விழுத்தியிருக்காது.

வில்வச்சாற்றை நிறுத்துவதென்றாலும் வைத்தியரிடம் சொல்லி, சீனியைச் சோதித்துச் சோதித்து நிறுத்துங்கள். ஒரு வருடமாக அதையும் சேர்த்துத்தான் உங்கள் உடம்பின் கணக்கு ஓடியிருக்கிறது. திடீரென்று விட்டால் சீனி ஏறக்கூடும். ஐப்பசியில் கந்தசஷ்டி ஆறு நாள் வரும். கேதார கௌரி விரதம் 21 நாள். இருக்க விரும்பினால் இரண்டு கிழமைக்கு முன்னரே கிளினிக்கில் கேளுங்கள். எந்தக் குளிசையைக் குறைப்பது, எந்த நேரத்துக்கு மாற்றுவது என்று அவர்கள் சொல்வார்கள். நீங்களாக விடவும் வேண்டாம், நீங்களாக எடுக்கவும் வேண்டாம். சட்டைப்பையில் கற்கண்டு இருக்கட்டும். நடுக்கமும் குளிர்ந்த வியர்வையும் வந்தால், அல்லது சோதித்துச் சீனி 70க்குக் கீழே இருந்தால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடியும் பாருங்கள்.

விரதம் கெட்டதா என்பதை உங்கள் ஐயரிடம் கேளுங்கள். நான் அறிந்தவரை நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் முதியவர்க்கும் உபவாசத்தில் தளர்வு நம் முன்னோரே வைத்ததுதான். பாலும் பழமும் உண்டு இருப்பதும் விரதம். வில்வத்தை அவன் தலையில் சாத்துங்கள். மூன்று இதழும் குறையாத இலையாகப் பார்த்துச் சாத்துங்கள்.

கேள்வி: விநாயக சதுர்த்திக்கு எருக்கலம்பூப் பறித்தபோது மகனின் கண்ணில் பால் தெறித்தது. நோவே இல்லை என்றான், விட்டுவிட்டோம். மறுநாள் அந்தக் கண் புகைபோல் தெரிந்ததாம். கண் வைத்தியர் மருந்து விட்டு இப்போது சுகம். ஏன் நோகவில்லை?
(வாசகி, முகத்துவாரம்)

பதில்: எருக்கம்பாலின் கொடுமையே அதுதான். நோவு இல்லாமல் கருவிழியின் உட்படலத்தைத் தாக்கி வீங்க வைக்கும். நோகாததால் சனம் அலட்சியம் செய்யும். தெறித்த உடனே ஓடும் தண்ணீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவி, அன்றே கண் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அடுத்த முறை பூப் பறிக்கும் வேலை பெரியவர்களுடையது, கண்ணாடி போட்டுக்கொண்டு.

கேள்வி: வெள்ளைக்காரன் மருந்துக்கே நீங்கள் வக்காலத்து வாங்குகிறீர்கள். ஆயுர்வேதத்துக்குப் பக்கவிளைவே கிடையாது. ரிஷிகள் தந்தது, சுவாமிக்குச் சாத்துவது எப்படி நஞ்சாகும்?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், தெஹிவளை)

பதில்: ஐயா, வணக்கம். உங்கள் கோபத்தில் இருக்கும் பற்று எனக்கும் உண்டு. ஆனால் "பக்கவிளைவே கிடையாது" என்ற பேச்சை என் அப்பப்பாவின் வாயில் நான் ஒருநாளும் கேட்டதில்லை. விளம்பரப் பலகைகளில்தான் கண்டிருக்கிறேன்.

சேங்கொட்டையின் நஞ்சை நீக்கிச் சுத்தி செய்யும் நாளில் அவர் எங்களை முற்றத்துக்கே விடமாட்டார். ஒருமுறை என் மைத்துனன் ஒளித்துப் போய்த் தொட்டுவிட்டு, கை முழுவதும் கொப்புளமாக இரண்டு கிழமை கிடந்தான். நாபிக் கிழங்கை நாள் கணக்கில் கோமூத்திரத்தில் ஊறவைப்பார், எட்டி விதையைப் பாலில் அவிப்பார். எதற்காக? நஞ்சு என்று தெரிந்ததனால். சுத்தி என்ற சொல்லும் பத்தியம் என்ற சொல்லும் நம் வைத்தியத்தில் இருப்பதே, அது கேட்டையும் அறிந்த வைத்தியம் என்பதற்குச் சாட்சி. அந்த இரண்டையும் விட்டுவிட்டு மூலிகையை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் இன்றைக்கு நாம்தான்.

சுவாமிக்குச் சாத்துவது எப்படி நஞ்சாகும் என்கிறீர்கள். ஊமத்தம்பூ சிவனுக்கு உகந்தது. அதே ஊமத்தையில் அத்ரோபின் இருக்கிறது. கண் வைத்தியர் பாவையை விரிக்க விடும் துளிமருந்து அதுதான். இலையோ விதையோ வயிற்றுக்குள் போனால் வாய் வறண்டு, நெஞ்சு படபடத்து, ஆள் தெரியாமல் பிதற்றுவார். அலரிப்பூவும் பூசைக்கு உரியது, அந்தச் செடி முழுவதும் இருதயத்தைத் தாக்கும். ஆலகாலத்தைக் கண்டத்தில் நிறுத்தியவனுக்கு இவை பொருந்தும். நமக்கு அந்தக் கண்டம் இல்லை.

முன்னோருக்கே தெரிந்திருக்க முடியாத கேடும் உண்டு. அதை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது. ஈஸ்வரமூலி என்று சிவன் பெயரையே சூட்டிய கொடி, சிங்களத்தில் சப்சந்த. பாம்புக் கடிக்கும் காய்ச்சலுக்கும் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்தார்கள். அந்தக் குடும்பத்துச் செடிகளில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்குத் தந்த மூலிகைக் குளிசையில் அப்படி ஒரு சீனச் செடி கலந்துபோய், பல பெண்களின் சிறுநீரகங்கள் கெட்டன. சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியாகவே வகைப்படுத்தியிருக்கிறது. பத்து வருடம் கழித்து வரும் கேட்டை எந்தப் பரியாரி நாடி பிடித்துக் கண்டிருப்பார்? அது அவர்கள் குற்றமல்ல. இப்போது தெரிந்த பிறகும் கொடுத்தால் அது நம் குற்றம்.

இங்கிலீசு மருந்துக்கு ஆயிரம் பக்கவிளைவு உண்டு. என் அலுமாரியில் இருந்தவற்றில் பக்கவிளைவு இல்லாத ஒன்றைக்கூட நான் கண்டதில்லை. நாட்டு வைத்தியத்தை நாடுவோர் முறையாக நாடுங்கள் என்பதே என் வேண்டுகோள். 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் இருக்கிறது, பதிவுபெற்ற வைத்தியர்கள் இருக்கிறார்கள், பொரளையில் ஆயுர்வேதத் தேசிய வைத்தியசாலை இருக்கிறது. அங்கே போகும்போதும் உங்கள் கிளினிக் கொப்பியைக் கொண்டு போங்கள். புறக்கோட்டை காபோஸ் லேன் மூலிகைக் கடைகளின் மணம் எனக்கு அப்பப்பாவின் மருந்தறை. அங்கே போனால் ஒரு மணி நேரம் நிற்பேன். ஆனால் சீட்டு இல்லாமல், வைத்தியர் சொல்லாமல், பக்கத்தில் நிற்பவர் வாங்குகிறார் என்பதற்காக ஒரு பொட்டலமும் வாங்கியதில்லை.

கேள்வி: சிறுநீரகம் சுத்தமாகும் என்று தினமும் பொல்பல அவித்துக் குடிக்கிறேன். சிறுநீரகம் வடிக்க வேண்டிய கழிவான கிரியேட்டினின் குருதியில் 1.9 என்கிறார்கள்.
(வாசகர், மருதானை)

பதில்: இன்றோடு நிறுத்துங்கள். சிறுபீளை என்று நாம் சொல்லும் அந்தச் செடியில், சிறுநீரகத்தில் படிந்து அதைக் கெடுக்கக்கூடிய ஒக்சலேட் உண்டு. காமரங்காயும் பிளிம்பிக்காயும் அப்படியே. காமரங்காய்ச் சாறு குடித்துச் சிறுநீரகம் செயலிழந்தவர்களை நம் நாட்டு வைத்தியர்களே பதிவு செய்திருக்கிறார்கள். சிறுநீரக கிளினிக்கில் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: உடற்பயிற்சிக் கூடத்தில் அஸ்வகந்தாக் குளிசை தருகிறார்கள். தைரொயிட் மாத்திரையும் எடுக்கிறேன்.
(மாணவர், கொள்ளுப்பிட்டி)

பதில்: வேண்டாம், தம்பி. நம் அமுக்கராதான் அது, பரியாரி கையில் நல்ல சரக்கு. ஆனால் தைரொயிட் சுரப்பைக் கூட்டக்கூடியது, அரிதாக ஈரலையும் தாக்குகிறது. டென்மார்க் 2023இல் அதைத் தடையே செய்தது. கண் மஞ்சளானாலோ சிறுநீர் கறுத்தாலோ உடனே ஈரல் பரிசோதனை செய்யுங்கள்.

கேள்வி: எனக்கு 12 வயது. போன மாதம் உங்கள் பக்கத்தை வாசித்த அம்மா, கோயிலில் தரும் துளசியைச் சாப்பிடாதே என்கிறார். ஐயர் கோபிப்பாரா?
(மாணவி, கொட்டாஞ்சேனை)

பதில்: பிள்ளை, அம்மாவிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். ஐயர் தரும் இரண்டு இலையை வலக்கையில் வாங்கி வாயில் போட்டுக்கொள்ளலாம், தீர்த்தத்தையும் குடிக்கலாம். கையைக் கழுவிவிட்டு வாங்குங்கள். வெளிவீதித் துளசிச் செடிக்குப் பூச்சிமருந்து அடிக்கிறார்களா என்று மட்டும் கோயில் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டு, எனக்கு எழுதுங்கள்.